ஒரே அறையில் இரண்டு விலை

இன்று காலை என் காரின் காப்பீட்டைப் புதுப்பிக்க ஃபோனைத் திறந்தேன். அதே கார்தான், வரிசையாகப் பல கம்பெனிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. எதைத் தொடுவது என்று கேட்க உன் பக்கம் திரும்பினேன். காய்ச்சல் என்று விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. நான் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் நாம் சேர்ந்து எடுத்த வாடகை அறை இது. இருவரும் ஏஜென்டுகள், உன் மேசையில் ஒரு கம்பெனி, என் மேசையில் வேறொன்று. அப்போது வண்டிக்கு எங்கே இன்சூரன்ஸ் போட்டாலும் ஒரே பிரீமியம். வருகிறவர்கள் காலியாக இருக்கும் மேசையில் உட்காருவார்கள். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வரும் நீ அவித்த மல்லாட்டை கொண்டுவருவாய். கடலையை உரித்துத் தின்றுகொண்டே வேலை பார்ப்போம்.

பிறகுதான் சொந்த வண்டியின் சேதத்துக்கான விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியம் மட்டும் பழையபடி அரசு சொல்வதுதான். அதிலிருந்து எல்லாரும் நின்றுகொண்டே கேட்டார்கள்: "அந்த மேடம் கொறைச்சலா சொல்றாங்க, நீங்க இன்னா சொல்றீங்க?" விலை சொல்லும்போது நீ குரலைத் தாழ்த்தினாய். நான் ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஒரே அறையில் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

பெருமுக்கல் வேன்காரர் உன் வாடிக்கையாளர். பௌர்ணமிக்குத் திருவக்கரைக் கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். ஒருநாள் உன் முன்னால் நின்று கத்தினார். "நான் எங்கயும் இடிச்சதில்ல. புது காருக்கெல்லாம் கொறையுது, என் வண்டிக்கு மட்டும் ஏன் ஏறிக்கினே போவுது?"

"முன்னாடி எல்லாருக்கும் ஒரே ரேட்டுங்க. இப்ப பழைய வண்டின்னா கம்பெனி பயப்படுது."

"அப்ப தேர்ட் பார்ட்டி மட்டும் போடுங்க. என் வண்டி போனா போவட்டும்."

பல மாதங்களில் முதல்முறையாக, அன்று நீ எழுந்து என் மேசைக்கு வந்தாய். "ஏய், உங்க கம்பெனில வண்டிய நேர்ல பாத்து ரேட்டு போடுவாங்களாமே? கெளம்புடி, விழுப்புரம் போலாம்."

அந்த வேனிலேயே போனோம். என் கம்பெனி மேலாளரிடம் என்னைவிட நீதான் அதிகம் வாதாடினாய். "வயச மட்டும் பாக்காதீங்க சார். எறங்கி வந்து அவரு வண்டிய வெச்சிருக்கிற அழகப் பாருங்க." அவர் இறங்கி வந்து பார்த்தார், விலையும் இறங்கியது. உன் வாடிக்கையாளரை என்னிடம் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் "ஒரே பேஜாருடி" என்று என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய்.

அந்த மழைக்காலத்தில் மயிலம் சாலையில் வேன் வழுக்கிப் புளியமரத்தில் மோதியது. வேன்காரருக்குப் பெரிய காயமில்லை. காப்பீட்டுப் பணத்தில் வேன் மறுபடி ஓடியது. அதைச் சொல்ல வந்தவர் நேராக உன் மேசைக்குத்தான் போனார்.

இப்போது விலையை ஃபோனே சொல்லிவிடுகிறது. சில நாட்கள் சாயங்காலம்வரை நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். போன வாரம் மரக்காணத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மழைத் தண்ணீரில் நின்ற காரின் இன்ஜின் போய்விட்டது. அந்தச் சேதத்தைக் காப்பீட்டில் சேர்க்காமல் விட்டுத்தான் அவளுக்குக் குறைந்த விலை கொடுத்திருக்கிறார்கள்.

"நான் உங்ககிட்ட போடலீங்க மேடம், ஃபோன்லதான் போட்டேன். யாரக் கேக்கறதுன்னு தெரியல."

அறையைப் பூட்டிவிட்டு, அவளுடைய கம்பெனி ஆபீசில் கேட்க அவளோடு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

"பணம் வருமாங்க மேடம்?"

"தெரியலம்மா. கேட்டுப் பாப்போம். நான் கூட இருக்கேன்."

உன்னிடமிருந்து எனக்கு வந்தது இதுதான். கேட்டு வருகிறவர்களோடு கூடப் போகிறேன்.