வியாழன் மதியம்வரை கூப்பிடாதே

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நானும் என் பிள்ளை உருண்டையும் இருக்கிறோம். நீயும் அண்ணியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கோணல்மாணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பக்கத்து வீட்டு டீச்சர் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவார்கள்.

நேற்று பிள்ளைக்குக் காது டெஸ்ட் முடியவில்லை. பிறந்தபோது மஞ்சள் காமாலை ஏறியதில் காது போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதுதான் உனக்குத் தெரியுமே. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதுக்குள் டிக் டிக்கென்று சத்தம் விடுகிறார்கள். மூளை பதில் சொல்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்கும். அதுவரை பிள்ளை அயர்ந்து தூங்க வேண்டும். இவனோ என் மடியைத் தவிர வேறெங்கும் தூங்கமாட்டான்.

தூங்கினான் அண்ணா. நான்தான் கெடுத்தேன். அந்த அரை இருட்டில் சும்மா உட்கார்ந்ததும் அவர் நினைப்பு வந்துவிட்டது. சத்தமில்லாமல்தான் அழுதேன். ஆனால் மடி குலுங்கினால் கம்ப்யூட்டரில் ஓடுகிற கோடெல்லாம் கலைந்துவிடுமாம். முக்கால் மணி நேரம் ஆகியும் ஒரு காதுகூட முடியவில்லை, விழித்துக்கொண்டான். டெஸ்ட் எடுக்கிற பெண், "அக்கா, புள்ள தூங்கினதவிட நீங்க அழுததுதான் மெஷின்ல நல்லா பதிவாகியிருக்கு" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். புது மெஷின் வருகிறதாம். இரண்டு காதையும் ஒரே நேரத்தில் பார்க்குமாம். பதில் தெளிவாகக் கிடைத்ததும் தானே நிறுத்திக்கொள்ளுமாம். "பன்னெண்டு நிமிஷம் அழாம இருங்கக்கா, போதும்" என்றாள். அதிலிருந்து இவனை மடியில் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துப் பழகுகிறேன். இன்று காலை ஒன்பது நிமிஷம் வரை வந்துவிட்டேன். அப்போதுதான் உன் போன். "சாப்பிட்டியாம்மா" என்று நீ கேட்டதும் எல்லாம் போச்சு.

பிள்ளை பிறந்து நாற்பத்தொரு நாள்தானே இவன் அப்பா உயிரோடு இருந்தார். வேலை விட்டு வந்ததும் இவன் காதோரம்தான் பேச்சு. பஸ்ஸில் யார் சண்டை போட்டார்கள், மேனேஜர் என்ன திட்டினார், ஒன்று விடமாட்டார். அதெல்லாம் இவன் காதில் விழுந்ததா அண்ணா? டெஸ்ட் எடுக்கிற பெண்ணிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதனால் கோபித்துக்கொள்ளாதே. வியாழன் மதியம்வரை கூப்பிடாதே. முடிந்ததும் நானே கூப்பிடுவேன். நான் ஒன்றும் பேசாவிட்டாலும் போனை வைத்துவிடாதே, நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே இரு. போன் இவன் காதில் இருக்கும்.

உன் தங்கை