ஆயிரத்தில் ஏழு பேர்

பாகூர்,
18.02.2025

அன்பு மகள் தீபிகாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். போன மாதம் பார்த்ததில் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது, முழங்கால் வலியும் முன்போல் இல்லை. நீயும் மாப்பிள்ளை பாலாஜியும் உன் அம்மாவும், பிறந்து ஒன்றரை மாதமே ஆன என் பேரனும் அந்த ஊர்க் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். விளக்கை இப்போது நானேதான் ஏற்றுகிறேன். உன் பிரசவத்துக்காக அம்மா டொரோண்டோ வந்து நான்கு மாதம் ஆகிறது, திரியை எவ்வளவு வெளியே இழுத்தால் புகையாது என்பதுகூட எனக்குப் பழகிவிட்டது. இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறேனே என்று நீ யோசிக்கலாம். இந்தப் பதினைந்து நாளில் நீ மூன்று முறை சாதாரண அழைப்பில் கூப்பிட்டாய். மூன்று முறையும் நான் "சரி", "ஆமாம்" என்பதற்கு மேல் பேசவில்லை. கோபத்தோடு இருக்கும்போது நான் வாய் திறப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். எழுதினால் ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்து, அநியாயமாகப் பட்டதை அடித்துவிடலாம். இது மூன்றாவது படி. முதல் இரண்டிலும் அடித்தல் அதிகமாகிவிட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ இதுவரை என்ன நடந்தது என்று கேட்கவில்லை, "ஏம்பா எடுக்கல" என்று மட்டுமே கேட்டாய். பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாள். உங்களுக்குக் காலை ஒன்பதிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம், எனக்கு இங்கே மாலை ஏழரை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். தாத்தா பெயரைத் தேர்ந்தெடுப்பார், யாரிடமும் சொல்ல மாட்டார். அந்தப் பெயரை முதலில் கேட்பது குழந்தையின் காதாகத்தான் இருக்க வேண்டும். உனக்கு தீபிகா என்று என் அப்பா மூன்று முறை சொல்லும் வரையில் உன்னைப் பெற்ற எங்கள் இருவருக்குமே அது தெரியாது. அம்மா போனைக் குழந்தையின் காதருகே பிடித்துக்கொள்வதாகவும் நான் இங்கிருந்து சொல்வதாகவும் நாம் பேசி வைத்திருந்தோம். முந்தைய நாள் சனிக்கிழமை நெல் அறுக்கும் இயந்திரம் வந்துவிட்டதால் நான் உங்களை அழைக்கவில்லை, செயலியைத் திறந்தும் பார்க்கவில்லை. ஞாயிறு மாலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, போனை அரிசி டிரம்மில் சாய்த்து வைத்து, உன் கம்பெனியின் வீடியோ அழைப்புச் செயலியைத் திறந்தேன். "இந்தச் சாதனத்தில் இனி இயங்காது" என்று வந்தது. கீழே ஒரே ஒரு பொத்தான், அதில் "வெளியேறு" என்று எழுதியிருந்தது.

அதற்கு முன்னால் ஜனவரி முழுக்க ஒரு மஞ்சள் பட்டை மேலே வந்துகொண்டிருந்தது உண்மை. புதுப்பிக்கவும் என்று அது சொன்னதும் உண்மை. நான் தினமும் அதைத் தள்ளிவிட்டேன். டிசம்பரில் கூட்டுறவுச் சங்கத்தில் விவசாயிகளைக் கூட்டி வைத்து, போனில் புதுப்பிக்கச் சொல்லி எது வந்தாலும் அமுக்காதீர்கள், எல்லாம் திருட்டு வேலை என்று அரை மணி நேரம் பேசியவன் நான். மண் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் இருந்தவன், எம்.எஸ்சி. படித்தவன் சொல்கிறானே என்று அறுபது பேர் தலையாட்டினார்கள். அறுபது பேருக்குச் சொன்ன புத்திமதியைத் தவறாமல் கடைப்பிடித்தவன் நான் ஒருவன்தான்.

என் எண்ணிலிருந்து வெளிநாட்டுக்குச் சாதாரண அழைப்பு போகாது. சரி, போனையே புதுப்பித்துவிடலாம் என்று அமைப்புகளுக்குள் போனேன். அங்கே ஒரு புதுப்பிப்பு காத்திருந்தது. அமுக்கினேன். திரை கறுத்து, ஒரு கோடு மெதுவாக நகரத் தொடங்கியது. கீழே, முடியும் வரை சாதனத்தை அணைக்க வேண்டாம் என்று இருந்தது. நான் அணைக்கவில்லை. நாற்பத்தெட்டு நிமிடம் கை கட்டிக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி நடப்பது என் தொழிலாக இருந்தது. நீங்கள் சாதாரண அழைப்பில் ஐந்து முறை கூப்பிட்டதெல்லாம் அந்த நாற்பத்தெட்டு நிமிடத்துக்குள்தான். போன் உயிர் பெற்றபோது நான் இறக்கியது ஐந்து வருடத்துக்கு முன்னால் வந்து காத்துக் கிடந்த ஏதோ சின்னத் திருத்தம் என்று தெரிந்தது. செயலி மறுபடியும் அதே பதிலைச் சொன்னது. எட்டே முக்காலுக்கு உன் அழைப்பு வந்தது. நல்ல நேரம் முடியப்போனதால் உன் மாமனார் சிவப்பிரகாசம் "அரிகரன்" என்று சொல்லி முடித்துவிட்டதாகவும், திங்கட்கிழமை பெயரைப் பதிய வேண்டியிருந்ததாகவும், நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்ததாகவும் சொன்னாய். நான் "சரி" என்றேன். என் பேரனுக்குப் பெயர் வைக்கும் நேரத்தில் நான் தூங்குவேன் என்று உனக்குத் தோன்றியதை மூன்று படியிலும் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

மறுநாள் களத்தில் எதிர்வீட்டு முத்துசாமி கேட்டபோது சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா சார், எதிர் வூட்லதான கீறேன், ஓடியாந்து என் போன்ல போட்டிருந்தா ரெண்டு நிமிசம். ஒங்க பொண்ணு கம்பெனிதான சார் அது, ஒங்களுக்கே கதவ சாத்திட்டாங்களா" என்றான். அவன் போனில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்ததே நான்தான், என் மகள் வேலை பார்க்கும் கம்பெனி என்று சொல்லி. அந்த நாற்பத்தெட்டு நிமிடத்தில் இருபது அடி தூரம் நடக்க எனக்குத் தோன்றவில்லையா என்றால், தோன்றியது. அவன் வாசலில் நின்று என் மகளின் செயலி என் போனில் வேலை செய்யவில்லை என்று சொல்வதைவிட, கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது கௌரவமாகத் தெரிந்தது. இந்தத் தவறு என்னுடையது. இதை நான் உன் மேல் சுமத்தவில்லை.

உன்னுடையதை இப்போது சொல்கிறேன். அக்டோபரில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே பேசும்போது உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். பழைய போன்களுக்கான ஆதரவை நிறுத்தும் பட்டியலை உன் குழுதான் தயாரிக்கிறது என்றாய். எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று நான் கேட்டேன். "ரொம்பக் கம்மிப்பா, ஆயிரத்துல ஏழு பேருதான்" என்றாய். சிக்கலில்லாமல் முடிந்ததா என்று கேட்டேன், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை என்றாய். நான் உன்னைப் பாராட்டினேன். நீ பேசியதும் நான் பாராட்டியதும் இந்தப் போனில்தான், தீபிகா. ஏழு வருடத்துக்கு முன்னால் நீ கிளம்பிய வாரம் வில்லியனூரில் நீயே தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்த போன். என்ன மாடல் என்று எனக்குத் தெரியாமல் இருக்கலாம். உனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பாதுகாப்புக்காகத்தான் மாமா, பழைய சாதனங்களுக்குத் திருத்தங்கள் வருவதில்லை, ஓட்டை அடைபடாமலே இருக்கும், அதை வைத்திருப்பது உங்களுக்கே ஆபத்து என்று பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரியாமல் இல்லை. வேலை முழுக்க ரசாயனப் புட்டிகளோடுதான் இருந்தேன், காலாவதியானதை நானே கொட்டியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு புட்டியிலும் தேதி அச்சிட்டிருப்பார்கள், வாங்குகிறவன் பார்த்துத்தான் வாங்குவான். இந்தப் போனின் பெட்டியை எடுத்து ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், ஒரு தேதியும் இல்லை. வில்லியனூரில் போன் கடை வைத்திருக்கும் பிரிட்டோவிடம் கொண்டு போனேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி நல்லா இருக்கு சார், டிஸ்ப்ளேல ஒரு கீறல் இல்ல, நீங்க வெச்சிருக்கிற மாதிரி யாரும் வெச்சிருக்க மாட்டாங்க. ஆனா இந்த மாடலுக்கு அஞ்சு வருசம் முன்னாடி வந்த அப்டேட்டோட நிறுத்திட்டாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பிறகு கடைசியாகச் சொன்னார், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், பாட்டு கேட்க ஆகும் என்று. நீ ஆன்லைனில் அனுப்பிய புதுப் போன் நான்காம் நாளே வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை.

அம்மா அங்கே வந்ததிலிருந்து தினமும் மாலை ஏழரைக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கும், ஆனால் முதலில் வேலையோடும் பிறகு குழந்தையோடும் நீ உட்கார்ந்துவிட்டதால் கவனித்திருக்க மாட்டாய். அம்மா உங்கள் சமையலறையில் போனைச் சாய்த்து வைப்பாள், நான் இங்கே தட்டெதிரே வைப்பேன். நான் இரவுச் சாப்பாடு சாப்பிடுவேன், அவள் காலைச் சமையல் செய்வாள். பெரும்பாலும் நாங்கள் பேசுவதில்லை. குக்கர் விசில் கேட்கும், பாத்திரம் உருளும், சில நாள் அவள் திரையிலேயே இருக்க மாட்டாள், அடுப்பு மட்டும் தெரியும். கடைசி ஒரு மாதமாகக் குழந்தை அழுவதும் கேட்டது. பசி அழுகைக்கும் தூக்க அழுகைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்துபோயிருந்தது. இந்தப் பதினாறு நாளாக நான் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். தோசை மாவு ஒரு ஆளுக்கு அரைத்தாலும் மூன்று நாள் வருகிறது. நேற்று மாலை யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்து போய்ப் பார்த்தால் பக்கத்து வயலில் டிராக்டர். இதையெல்லாம் சாதாரண அழைப்பில் சொல்ல முடியாது. அதில் பேசினால்தான் ஆள் இருப்பது தெரியும், பேசாமல் கூட இருக்க அதில் வழியில்லை.

போன புதன்கிழமை அம்மா கூப்பிட்டு, நான் வைக்க இருந்த பெயரை இப்பொழுதாவது சொல்லும்படி கேட்டாள், இரண்டாவது பெயராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னாயாம். மாட்டேன் என்றேன். உங்களுக்கு அவ்வளவு வீம்பா என்று கேட்டாள். வீம்புதான். முதல் பெயர் வேலை செய்யாதபோது பயன்படுத்திக்கொள்ள நான் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆறு மாதம் யோசித்து வைத்த பெயர் அது, கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த பெயர். அரிகரன் நல்ல பெயர்தான், சிவப்பிரகாசம் ஐயா மேலும் எனக்கு ஒன்றுமில்லை. அவர் பக்கத்தில் இருந்தார், சொன்னார். பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் அவன் அரிகரனாகவே இருக்கட்டும். உன் அம்மா ஜூலை வரையில் அங்கேயே இருந்தால் உதவியாக இருக்கும் என்று நீ சொன்னதையும் அவள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இருக்கட்டும். குழந்தைக்கு அவள் தேவை. இங்கே யாரும் அழவில்லை.

இனி நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். அம்மாவிடம் இதைச் சொல்லாதே, தடுப்பாள். கரும்பு வெட்டு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குப் பிறகு நிலத்தை ஒரு போகத்துக்கு முத்துசாமியிடம் குத்தகைக்கு விட்டுவிட்டேன். முப்பது வருடத்தில் நான் பயிர் வைக்காத முதல் போகம். வயலை விட்டு வர முடியாது என்று உன் கல்யாணத்துக்குப் பிறகு நீ கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் சொன்னேன், அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அம்மாவுக்கு எடுத்தபோதே நீ வற்புறுத்தி எனக்கும் எடுக்க வைத்த பாஸ்போர்ட் இருக்கிறது. பாகூர் கடைத்தெருவில் உள்ள இன்டர்நெட் சென்டரில் வீசாவுக்கான படிவத்தைப் பாதி நிரப்பி வைத்திருக்கிறேன். அதற்கான ஓடிபி எல்லாம் என் பழைய போனுக்குத்தான் வந்தது, அதை மட்டும் இன்னும் யாரும் நிறுத்தவில்லை. மீதிப் பாதிக்கு உன் அழைப்புக் கடிதம் வேண்டும் என்றார்கள். இந்தக் கோபத்தோடு உன்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். கேட்க வேண்டியிருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு விமான நிலையத்தில் சங்கடம் வேண்டாம். உன்னைப் பார்க்க நான் வரவில்லை. உன் மேல் உள்ள கோபம் அங்கே வந்து இறங்கும்போதும் இருக்கும், எவ்வளவு நாள் இருக்கும் என்று எனக்கே தெரியாது. நான் வருவது ஒருவனுடைய காதில் ஒரு சொல்லை மூன்று முறை சொல்ல. அப்போது அறையில் நீங்கள் யாரும் இருக்கக் கூடாது. அம்மாகூட. அவனும் நானும் மட்டும். அந்தப் பெயரால் நான் மட்டும் அவனைக் கூப்பிடுவேன், அவனும் திரும்பிப் பார்க்கப் பழகுவான். உங்கள் பட்டியல் எதிலும் அது வராது.

குழந்தையைக் குளிர்க்காற்றில் வெளியே எடுத்துப் போகும்போது தலையைவிடக் காதை முதலில் மூடு. நீ வேலைக்குத் திரும்ப அவசரப்படாதே, உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு போய்விடும், அம்மா கொடுக்கும் கஷாயத்தை முகம் சுளிக்காமல் குடி. மாப்பிள்ளையையும் சம்பந்தி வீட்டாரையும் விசாரித்ததாகச் சொல். நீங்கள் நால்வரும் நோய் நொடியின்றி நீண்ட நாள் வாழ வேண்டும், கோபத்திலும் இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அழைப்புக் கடிதத்தை மறந்துவிடாதே. மின்னஞ்சலில் அனுப்பினால் சென்டரில் எடுத்துக்கொள்வேன், மார்ச் ஐந்துக்குள் வர வேண்டும். அதில் வருகையின் நோக்கம் என்று ஒரு இடம் இருக்கும். இங்கே படிவத்தில் நான் உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னேன், சென்டரில் இருந்த பெண் அதெல்லாம் எடுபடாது சார் என்று அழித்துவிட்டு, மகளைப் பார்க்க என்று போட்டுவிட்டாள். நீயும் அப்படியே போட்டுவிடு. இரண்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
நமச்சிவாயம்