இக்கரையில் நின்ற பூசாரி

கயத்தாறு
பங்குனி 7, சனிக்கிழமை

அன்பு மகள் முத்துச்செல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் பதினேழு ஆடுகளும் நலம், பதினெட்டாவது ஆடு வியாழக்கிழமையிலிருந்துதான் நலம், அதைக் கீழே சொல்கிறேன். அங்கே நீயும் உன் கணுக்காலில் இருக்கும் தகடும் ஆறு திருகாணிகளும் நலமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுநடுவே ஆட்டைக் கூப்பிடுகிறார், நீயோ ஒரு வாரமாக ம், சரி, வைக்கவா என்ற மூன்று சொல்லைத் தாண்டுவதில்லை. அதனால் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்புகிறேன். தாள் பின்னால் பருப்புப் பொடியோடும் கடம்பூர் போளியோடும் பார்சலில் வரும், போளி பின்லாந்து வரைக்கும் தாங்குமா என்று தெரியவில்லை, தாங்காவிட்டால் தூரப் போடு, சாப்பிட்டு வைக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நீ அக்கரைக் குகைக்குள் உயிர் போகக் கிடந்தாய், நான் ஆற்றுக்கு இக்கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு நாள் நான் முகம் கொடுக்காமல் திரிந்ததைப் பார்த்துவிட்டு அப்பா என்னவென்று கேட்டார், மகள் செத்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் மூன்று மூச்சுதான் பாக்கி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், மனுஷர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடிவிட்டார். கூப்பிட்டு, நிஜத்தில் இல்லை, ஆட்டத்தில் என்று சொன்ன பிறகு, வெளாட்டுல செத்ததுக்கு எனக்கு எதுக்குட்டி சோறு பொங்கல என்று கேட்டார். நியாயமான கேள்விதான், எழுந்து உலை வைத்தேன்.

இந்த ஆட்டத்துக்குள் நான் வந்த கதை உனக்குத் தெரிந்ததே, எனக்காக ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். தை மாதம் பனியில் வழுக்கிக் கால் ஒடிந்து தனியாகக் கிடந்தபோது, அம்மா நீ வாயேன் என்றாய். நான் ஆட்டைச் சொன்னேன், உளுந்து எடுப்பைச் சொன்னேன். ஜூன் ஐந்தாம் தேதி தகடு எடுக்கும் ஆபரேஷனுக்காவது வருவாயா என்றாய், வைகாசியில் கோயில் கொடைக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாதே என்றேன். இரண்டு வாரம் கழித்து, எங்கள் கூட்டத்தில் வைத்தியம் பார்க்க ஆளில்லை அம்மா, நீ வாயேன் என்றாய். சாத்தூர் ஹரிஹரசுதன் கதை சொல்வான், பானு மந்திரவாதி, நீ திருடி, ஆளுக்கொரு வேஷம், யார் ஜெயிப்பது என்பதை இருபது முகமுள்ள ஒரு காய் முடிவு செய்யும், ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் போனில் வந்தால் போதும் என்றாய். அதற்கு உடனே சரி என்றேன். போனில்தானே.

எனக்குக் கொடுத்த வேஷத்தை நீ கிளெரிக் என்றாய், ஹரி பூசாரி என்று தமிழ்ப்படுத்தினான். கேட்கக் கேட்க அது பூசாரியாகவும் தெரியவில்லை. பூசாரி பூசை வைப்பார், அவர்மேல் சாமி வராது. கோமரத்தாடிமேல் சாமி வரும், அவர் மணி ஆட்டமாட்டார். இவளோ இரண்டையும் செய்துகொண்டு இரும்புச் சட்டையும் போட்டுக்கொண்டு கையில் கதாயுதத்தோடு நடக்கிறாள். மந்திரவாதி படித்து வாங்குவதைப் பூசாரி கேட்டு வாங்கவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஹரி சொன்னான். விடியற்காலையில் தொழுது, இன்றைக்கு இந்த இந்த வரம் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு பொழுதுக்கும் மாற்ற முடியாது. இது எனக்குச் சட்டென்று புரிந்தது. காலையில் இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு ராத்திரி சப்பாத்தி கேட்டால் எங்கே போவது. ஆனால் என்ன கேட்பது என்பதில்தான் கோட்டை விட்டேன். வரங்களின் பட்டியலில் தண்ணீர் உண்டாக்குதல் என்று ஒன்று இருந்தது, குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று காத்துக்கிடக்கிற ஊரில் பிறந்த எவளும் அதைத் தாண்டிப் போகமாட்டாள், மூன்று வரத்தையும் தண்ணீராகவே வாங்கி வைத்துவிட்டேன். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நாம் நின்றது ஆற்றங்கரை. பானு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சாமிகளிலும் தகராறு. ஹரி வாசித்த பட்டியலில் ஒரு சாமிக்கு வெளிச்சம், ஒன்றுக்குப் புயல், ஒன்றுக்குச் சாவு என்று தாலுகா ஆபீஸ் மாதிரி ஆளுக்கொரு துறை பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஆட்டுக்கு எந்தச் சாமி என்று கேட்டேன், இல்லை என்றான். பிறகு நான்தான் எல்லைக்கறுப்பன் என்று ஒருவரைப் பெயர் வைத்து உண்டாக்கினேன், எல்லை காப்பதும் ஆடு காப்பதும் அவர் துறை. அத்தோடு விட்டிருக்கலாம். இந்தச் சாமிக்குக் காப்புக் கட்டியவள் ஆற்றைத் தாண்டக்கூடாது என்று ஒரு விதியையும் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானே கட்டிக்கொண்டேன். அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க, எழுதிக்கிடவா என்று ஹரி இரண்டு தடவை கேட்டான். எழுதிக்கோ என்றேன்.

நடுவில் வீட்டுச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய இருபது முகக் காயை ஆட்டுக் கொட்டத்துச் சுவரில் வைத்திருந்தேன், பதினெட்டாவது குட்டி அதை நாவல்பழம் என்று நினைத்து விழுங்கிவிட்டது. மூன்று நாள் அப்பா குச்சியோடு புழுக்கையைக் கிளறிக்கொண்டு திரிந்தார், வியாழக்கிழமை காலை கிடைத்தது, மஞ்சள் தண்ணீரில் கழுவி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பூங்கொடி அத்தை, அதுதான் என் தம்பி, உன் கருத்தையா மாமாவின் பெண்டாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, எலும்புக்கூடெல்லாம் ஓடிப் போச்சு, இனி நீங்க உள்ள போங்க என்று நான் ஆட்டத்தில் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். மறுநாள் வீங்கிய தாடையோடு வந்து, மதினி, ஒங்களுக்கு வாக்கு வந்துருக்குன்னு தெரியும், யார்ட்டயும் சொல்லமாட்டேன், பல்லுவலிக்குத் துன்னூறு போடுங்க என்றாள். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், திருநீறு வாங்காமல் போகவில்லை. போட்டேன். வலி நின்றுவிட்டது, காலையில் அவள் மாத்திரை போட்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். யாரிடமும் சொல்லாதவள் தெருவில் ஆறு பேரிடம் சொல்லிவிட்டாள். என் நாற்பத்துமூன்று வயதில் நான் லைப்ரரியிலிருந்து என்ன புத்தகம் எடுத்து வருகிறேன் என்றுகூட ஒருவரும் கேட்டதில்லை, இப்போது தெருவில் போனால் கும்பிடு போடுகிறார்கள்.

இதைக் கேள்விப்பட்டு மாமா கடையிலிருந்து ஆள் அனுப்பினான். நம் சாமிக்கு ஆடுகிறவன் அவன்தானே. திங்கட்கிழமை நானே பைபாஸ் ரோட்டில் அவனுடைய பஞ்சர் கடைக்குப் போனேன், ஒரு லாரி டயருக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, என்னக்கா தொழிலுக்குப் போட்டியா என்று கேட்டான். வேறு வழியில்லாமல் ஆட்டம் முழுவதையும் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை, முதலில் படையல் என்ன என்று கேட்டான், படையல் கிடையாது என்றேன், கெடா கேக்காது, ஒரு சுருட்டுக்கூட கேக்காதுன்னா அது சாமியா, வெளக்குக் கம்பமா என்றான். பிறகு எனக்கு வெகுநாளாக இருந்த சந்தேகத்தைக் கேட்டேன். ஒரு நாளைக்கு மூன்று வரம், அதற்கு மேல் கேட்டால் இல்லை என்று ஹரி சொல்கிறான், சாமியிடம் போய்த் தீர்ந்துபோகுமா. டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழ் பார்த்துக்கொண்டே சொன்னான். சாமிக்கு ஏதுக்கா கணக்கு, தாங்குத ஒடம்புக்குத்தான் கணக்கு, மூணு தடவ ஆடுனா நாலாவது தடவ எனக்கு முட்டு பிடிச்சுக்கிடுது, அதுக்காவ அவரு இல்லன்னு ஆயிருமா. இதை ஹரிக்கு எழுதி அனுப்பினேன், ஆட்டத்தின் விதிப் புத்தகத்திலேயே இவ்வளவு தெளிவாக இல்லை என்று பதில் போட்டான்.

கடைசியாகத்தான் ஆற்றுக் கதையைச் சொன்னேன். நீ மூன்று மூச்சு பாக்கியோடு அக்கரையில் விழுந்து கிடந்ததை, காயம் ஆற்றும் வரம் அன்றைக்கு ஒன்று என் கையில் மிச்சமிருந்ததை, காப்புக் கட்டியிருக்கிறேன் என்று நான் தாண்டாமல் நின்றதை, ஹரி அத்தோடு ஆட்டத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நிறுத்தியதை, நீ போனில், வெளாட்டுலகூட உனக்கு வர முடியாதாம்மா என்று கேட்டதை. மாமா டயரை விட்டு எழுந்துவிட்டான். ஏக்கா, நம்ம சாமி என்ன இங்கனயே மொளச்சவராக்கும், எட்டயபுரம் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு பொம்பள மடியில பிடிமண்ணா வந்தவருதான, அவரே எல்லை தாண்டுன பெறவுதான் எல்லைச்சாமி ஆனாரு, ஒரு பிடி மண்ண முடிஞ்சுக்கிட்டு ஆத்துல இறங்க வேண்டியதுதான என்றான். அதோடு விட்டானா. காப்புக் கட்டுத அன்னிக்கு ஊருக்குள்ள இருக்கவங்களுக்குத்தான் அந்தக் கட்டு, அதுக்கு முந்தியே பயணம் போனவள யாரு கேக்கப் போறா, ஒனக்குத் தெரியாததா என்றான்.

தெரியும் செல்வி. விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். நீ கேட்டபோதும் தெரியும். புத்தகத்தில் நான் பனிக்கடல் வரைக்கும் போய்வந்திருக்கிறேன், காலால் போனது மதுரை வரைக்கும்தான். விமானத்தைவிட, அதற்கு முன்னால் ஓடுகிற படிக்கட்டுக்குப் பயந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவன் இங்கிலீஷில் ஏதாவது கேட்டு, படித்ததெல்லாம் நெஞ்சோடு நிற்க, நான் வாயைத் திறந்து மூடுவதை நினைத்துப் பயந்தேன். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டுக் காப்பு என்று சொன்னேன். சாமி பேரைச் சொன்னால் எதிர்த்துப் பேசமாட்டார்கள் இல்லையா. பூசாரிக்கு இருக்கிற வசதியே அதுதான்.

புதன்கிழமை மாமாவோடு திருநெல்வேலிக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குப் பத்து விரலையும் வைத்துவிட்டு வந்தேன். வேலை என்ன என்று அந்தப் பெண் கேட்டதற்கு மாமா பின்னாலிருந்து பூசாரி என்று சொல்லிவிட்டான், அவள் நிமிர்ந்து பார்த்தாள், ஆடு வளர்ப்பு என்று திருத்தினேன். காப்புக் கட்டுவதற்கு முன்பே, மே இருபத்தெட்டில் கிளம்புவதாக எண்ணம், விசாவுக்கு என்ன என்ன வேண்டும் என்று எழுது. கொடைக்கு முதல் பொங்கலைப் பூங்கொடி அத்தை வைப்பாள், ஆட்டை அப்பா பார்த்துக்கொள்வார், அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் முடிவாகவில்லை. நம் கோயில் மண்ணில் ஒரு பிடி கொண்டுவரலாமா என்று ஹரியிடம் கேட்டேன், மண்ணைப் பின்லாந்துக்குள் விடமாட்டார்கள் என்றான். மாமாவிடம் சொன்னேன். நீ தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிச்சாலும் போகாத கரிசல் ஒன் குதிங்கால் வெடிப்புல இருக்கு, எந்த ஆபீசரு அதத் தோண்டி எடுப்பான், போக்கா என்றான்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஊன்றுகட்டையில்லாமல் நடக்காதே, உப்புப் போட்ட வெந்நீரில் காலை வை. எல்லாச் சாமியும் அவரவர் துறைப்படி உன்னைக் காக்கட்டும், துறை இல்லாத சாமியும் கூட நிற்கட்டும். நாளை ஆறு மணிக்கு மறக்காமல் கூப்பிடு. விடியற்காலையிலேயே மூன்று வரத்தையும் காயம் ஆற்றுவதற்கே கேட்டு வைத்துவிடுவேன், தண்ணீர் ஒன்றுகூட இல்லை. அந்த மூன்று மூச்சையும் பிடித்து வைத்திரு, ஏட்டி, நான் ஆற்றில் இறங்கிவிட்டேன்.

உன் அம்மா
ச. ராதாமணி