மரகதத்தின் வலது தோள்

என் மரகதத்துக்கு,

நீ திட்டுவாய் என்று தெரிந்தே, திட்டினால் கேட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கும் உன் வீட்டுக்காரன் எழுதுவது.

முதலில் நல்ல செய்தி. நம் நிவேதா பிளஸ் டூ பாஸ். சும்மா பாஸ் இல்லை, அவள் வகுப்பில் அவள்தான் முதல். போனில் மார்க்கைப் பார்த்துவிட்டு அவள் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர்கள் படியேறி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். வந்தவர்களுக்குக் கேசரி கிண்டினேன். அடி பிடித்துவிட்டது, ஆனாலும் யாரும் மிச்சம் வைக்கவில்லை.

இனி அடுத்த செய்தி. அவள் படித்தது நீ நினைத்துக்கொண்டிருக்கும் சயின்ஸ் குரூப் இல்லை. தொழிற்கல்விப் பிரிவு. ஆடை வடிவமைப்பு, தையல், அது சம்பந்தப்பட்ட எல்லாம். இரண்டு வருடமாகக் காலையில் உன் படத்துக்கு விளக்கேற்றும்போது, "பாப்பா சயின்ஸ் நல்லா படிக்கறா மரகதம்" என்று நான் சொன்னதெல்லாம் பச்சைப் பொய். ஒருநாள் அதை அவளே கேட்டுவிட்டாள். "ஏனுங்கப்பா, அம்மாகிட்டயே பொய்யிங்களா?" என்று சிரித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை உன் படத்துக்கு முன்னால் நின்று தனியாகச் சொல்லியிருக்கலாம், எதற்கு ஊர் அறியப் பத்திரிகைக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்பாய். நீ என்னிடம் சத்தியம் வாங்கியது தனியாகவா? ஆஸ்பத்திரி வார்டு முழுக்கக் கேட்க, உன் அண்ணன் பக்கத்தில் நிற்க, என் கையைப் பிடித்து இழுத்துத்தானே வாங்கினாய்? "புள்ள பனியன் கம்பெனி வாசப்படிய மிதிக்கவே கூடாதுங்க. எங் கையில அடிச்சுச் சொல்லுங்க." அடித்துச் சொன்னேன். நாலு பேர் முன்னால் கொடுத்த வாக்கை மீறியவன், நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ போனபோது அவள் ஒன்பதாவது. பத்தாவதில் நல்ல மார்க்தான் வாங்கினாள். அன்றைக்குச் சாப்பிடும்போதே, "அப்பா, நான் தொழிற்கல்வி எடுத்துக்கறனுங்க. துணி சம்பந்தமா படிக்கறனுங்க" என்றாள். சோற்றில் கை வைத்தபடியே நான் கத்தினேன். உனக்குத் தெரியுமே என் கத்தல். இருபத்தைந்து வருடம் பனியன் கம்பெனிக் கட்டிங் டேபிளில் நின்று துணி வெட்டியவன், மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவன். உங்கம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு என்ன ஆவது, உங்கம்மா ஓவர்லாக் மெஷினில் முதுகை ஒடித்தது போதாதா, நீயுமா என்று என்னென்னவோ சொன்னேன். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை நானே அவளை டிவிஎஸ்ஸில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். சயின்ஸ் குரூப்பில் போடுங்கள் என்றேன். அங்கிருந்த டீச்சர், "பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார். "அவளக் கேக்க என்னங்க இருக்குது, நாஞ் சொல்றனுங்க" என்றேன். ஒன்பதரைக்கு உள்ளே போனவர்கள் பத்து மணிக்கு வெளியே வந்துவிட்டோம். வேலை முடிந்தது என்று எனக்கு ஒரே நிம்மதி. உன் படத்துக்கு ஒரு முழம் மல்லிகை கூட வாங்கிப் போட்டேன்.

அவள் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சண்டையே போடவில்லை. போனாள், வந்தாள், புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். துணிக்கடைக்குப் போனால் எந்தச் சட்டையையும் உட்புறம் திருப்பித் தையல் பார்க்கும் வழக்கம் அவளுக்கு உண்டே, கடைக்காரர்கள் முறைப்பார்களே, உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அதையும் விட்டுவிட்டாள். ஆடிப் பண்டிகைக்குத் துணி எடுக்கப் போனபோது முதலில் கைக்கு வந்த சுடிதாரை எடுத்து, "இதே போதுங்க" என்றாள். அன்றைக்குத்தான் தப்புச் செய்துவிட்டோமோ என்று எனக்குப் பட்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. துவைத்துக் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் என் டீ சர்ட் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். பக்கத் தையல் ஒன்று முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்திருந்தது.

"ஏனுங்கப்பா, இது ரெஸ்ட் உடாம வெட்டுன துணிங்களா?"

"ஆமாங்கண்ணு. அவசரத்துல வெட்டிருக்கறானுங்க."

உனக்குத் தெரியாததில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பனியன் துணி ரோலில் சுற்றி வரும்போது இழுபட்டு விறைப்பாக இருக்கும். பிரித்து, உதறி, டேபிளில் ஒரு நாளாவது சும்மா போட்டுவைக்க வேண்டும். அது தன் நிலைக்குத் தானே வந்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். வந்தவுடன் வெட்டினால் டேபிளில் அளவு சரியாகத்தான் இருக்கும். முதல் தண்ணீரில் சுருங்கிவிடும், முறுக்கிவிடும். எந்த முதலாளி தலைமேல் வந்து நின்றாலும் ரெஸ்ட் விடாமல் நான் வெட்டியதில்லை. அந்தப் பெயர்தான் எனக்கு இந்த ஊரில் சோறு போடுகிறது.

நிவேதா டீ சர்ட்டை மடித்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "துணிக்கு ஒரு நாள் குடுக்கறீங்கப்பா. எனக்கு அர மணி நேரந்தான் குடுத்தீங்க."

மரகதம், உன் மகள் உன்னை மாதிரியே. கத்த மாட்டாள். சொல்வதைச் சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்துக்கொள்வாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். குரூப் மாற்ற இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. அதே டீச்சர். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இப்பக் கேட்டீங்களா பொண்ணுகிட்ட?" என்றார். "கேட்டனுங்க" என்றேன். என் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். என் மகளை நானே சம்மதித்துத் தொழிற்கல்விப் பிரிவுக்கு மாற்றக் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுத வேண்டும். 'நானே சம்மதித்து' என்ற இடத்தில் பேனா நகரவில்லை. உன் கை என் கையைப் பிடித்திருந்த சூடு அப்படியே இருந்தது. ஆனாலும் எழுதினேன். வெளியே வந்து வண்டியை உதைத்தேன், கிளம்பவில்லை. பெட்ரோல் குழாயைத் திறக்கவே மறந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். படிப்பது பள்ளிக்கூடத்தில்தானே? கம்பெனி வாசற்படியை அவள் மிதிக்கவில்லையே? சத்தியம் இன்னும் உடையவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் உனக்கு விளக்கேற்றினேன், பொய்யையும் சேர்த்து.

போன வருடம் அந்தச் சமாதானமும் போனது. ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பதினைந்து நாள் பயிற்சிக்குப் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும். நான் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "என்னால ஆகாது சாமி. அம்மாவுக்குக் கையில அடிச்சுக் குடுத்திருக்கறேன்." அவளும் வற்புறுத்தவில்லை. தாளை உன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். தினமும் விளக்கேற்றும்போது அது என்னைப் பார்த்தது.

அதே வாரம் செய்முறைக்கு அவர்கள் எல்லோரும் ஒரு ரவிக்கை வெட்டித் தைக்க வேண்டும். யாராவது ஒருவர் அளவுக்குத் தைக்கலாம். இவள் உன் அளவுக்குத் தைக்கிறேன் என்று தையல் டீச்சரிடம் சொல்லிவிட்டாள். வந்து என்னிடம் உன் அளவு கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, மரகதம். எங்கேயோ இருக்கும் வெள்ளைக்காரப் பெண்களுக்கு ஸ்மால் என்ன, மீடியம் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பக்கத்தில் படுத்திருந்தவளின் தோள் அளவு எனக்குத் தெரியவில்லை.

பீரோவைத் திறந்து உன் ரவிக்கைகளை எடுத்தோம். அவள் ஒன்றை உட்புறம் திருப்பி டேபிளில் விரித்து டேப்பை வைத்தாள். தோளிலிருந்து இடுப்பு வரை இடது பக்கம் அளந்தாள். வலது பக்கம் அளந்தாள். மறுபடி அளந்தாள். பிறகு இன்னொரு ரவிக்கை. பச்சை, மஞ்சள், தீபாவளிக்கு எடுத்த அந்த நீலம், எல்லாவற்றையும் அளந்தாள்.

"அப்பா, எல்லாத்துலயும் வலது தோள் அர இஞ்ச் கம்மியா இருக்குதுங்க. அம்மாவே பிரிச்சு உள்ள புடிச்சுத் தெச்சிருக்காங்க, இங்க பாருங்க."

பார்த்தேன். அத்தனை ரவிக்கையிலும் வலது தோளில் மட்டும் உன் கைத்தையல். தோள் இறங்கிப்போனதால் ரவிக்கை வழிந்திருக்கிறது, நீயே சரி செய்து போட்டுக்கொண்டிருக்கிறாய். ஏன் மரகதம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னாலும் நான் கவனித்திருப்பேனா?

அம்மா மெஷின்ல எப்படி உட்காருவாங்க என்று நிவேதா கேட்டாள். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காட்டினேன். ஸ்டூல் தாழ்வு, டேபிள் உயரம். வலது கையால் துணியைத் தள்ளிக்கொண்டே, தலையை ஒரு பக்கம் சாய்த்து, காலையிலிருந்து இருட்டும் வரை. உட்கார்ந்து காட்டிய இரண்டு நிமிடத்தில் எனக்கே கழுத்து பிடித்துக்கொண்டது. அதன் பிறகு நான் எழுந்திருக்கவில்லை, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"அம்மா பயந்தது வாசப்படிக்கு இல்லீங்கப்பா" என்றாள். "இந்த அர இஞ்சுக்குத்தானுங்க. எனக்கு அது வராமப் பாத்துக்கறனுங்க. அதுக்குத்தாங்கப்பா நான் படிக்கறதே."

உன் படத்துக்குக் கீழே இருந்த தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் கம்பெனி வாசலில் நானே இறக்கிவிட்டேன். அவள் படியில் கால் வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். சாயங்காலம் வந்தவள் மூச்சு விடாமல் பேசினாள். அவள் போன தையல் லைனில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா, உன்னை மாதிரியே சாய்ந்து உட்கார்ந்து தைத்திருக்கிறார். ஸ்டூலை உயர்த்தித் தரச் சொல்லி இவள் சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறாள். "பயிற்சிக்கு வந்தியா, பஞ்சாயத்துக்கு வந்தியா?" என்று அவர் விரட்டிவிட்டார். இவள் விடவில்லை. மறுநாள் பேக்கிங்கில் கிடந்த நாலு மரக்கட்டைகளைப் பொறுக்கி, ஸ்டூல் காலுக்குக் கீழே ஆணி அடித்து வைத்துவிட்டாள். நாலு நாள் கழித்து அந்த அக்கா, "ஏ பிள்ள, நேத்து வீட்டுக்குப் போயி வலி மாத்திர போடலட்டீ" என்றாராம். பயிற்சி முடியும்போது அந்த லைனில் எல்லா ஸ்டூலுக்கும் கட்டை. விரட்டிய சூப்பர்வைசரே ஆணி வாங்கித் தந்தாராம்.

அடுத்து டிப்ளமோ. தொழிற்கல்வி படித்ததால் நேராக இரண்டாம் வருடத்திலேயே சேரலாம் என்கிறார்கள். படித்து முடித்து அவள் வாசற்படிகளை மிதிக்கத்தான் போகிறாள், ஒன்றல்ல, பல. இரண்டு வருடமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லை இன்றைக்குத்தான் இறக்கி வைத்திருக்கிறேன். இன்று காலை விளக்கேற்றும்போது உன் முகத்தை நேராகப் பார்த்தேன். எவ்வளவு நாள் ஆயிற்று.

அவள் தைத்த ரவிக்கை உன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இடது தோள் ஓர் அளவு, வலது தோள் அரை இஞ்ச் குறைவு. டீச்சர் முதலில் தப்பு என்றுதான் நினைத்தாராம். காரணம் கேட்டுவிட்டு முழு மார்க் போட்டார்.

நான் கொடுத்த பழைய சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு, மரகதம். புதிதாக ஒன்று தருகிறேன். அவள் வேலைக்குப் போகும் வருடத்திலிருந்து, ஒவ்வொரு வருடமும் உன் நினைவு நாளில், கழுத்தில் கிடக்கும் இந்த டேப்பை எடுத்து அவள் இரண்டு தோளையும் இடுப்பு வரை அளப்பேன். எவ்வளவு பெரிய வேலையில் இருந்தாலும் சரி, ஒரு நூல் வித்தியாசம் தெரிந்தால் அன்றைக்கே கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இன்று காலையே முதல் அளவை எடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

உன் தோளை அளக்கத் தவறிய உன் வீட்டுக்காரன்,
நம் நிவேதாவின் அப்பா