நைனா சிரித்த இடம்

ஞாயிறு, சித்தூர்.

எங்கள் குறும்பட ரசிகர் குழுவில் சிறந்த படத்துக்கான வாக்கெடுப்பு இன்று முடிந்தது. கல்லூரி நாளில் புத்தலப்பட்டு பஸ் ஸ்டாப்பில் நான் போனில் எடுத்த குறும்படத்தை, சத்தியவேட்டுக்காரர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். "அந்தப் பெரியவர் யார்? வசனத்தை மறந்துவிட்டுச் சிரிக்கிறாரே, அதுதான் அழகு" என்று எழுதியிருந்தார்.

அது என் நைனா. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதன் பிறகு அந்தப் படத்தை நான் திறக்கவே இல்லை. "என் நைனா" என்று மட்டும் பதில் போட்டேன்.

சாயங்காலம் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நைனா கேமராவைப் பார்த்து, "இன்னும் எடுத்துக்கினே கீறியா கண்ணு?" என்று சிரித்தார். அம்மா அழுதுவிடுவாளோ என்று பயந்தேன்.

"காலைலதான் இஸ்திரி போட்டுக் குடுத்தேன். சட்டைய எப்டிக் கசக்கிக்கினு நிக்கிறாரு பாரு" என்றாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை.

வாக்கெடுப்பில் ஏழாவது இடம் என்று சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"ஏழாவதா? மேல கீற ஆறும் இன்னா படம்? போடு, பாக்கலாம்."

ஆறையும் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை.