அவ்வளவுதான், அவ்வளவுதான்

மார்ச் 3

என் அருமைத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தைத்தான் தெருவுக்குத் தெரு சுவரில் பார்க்கிறோமே, கையில் கோடாரியோடு கொழுகொழுவென்றுதான் இருக்கிறாய். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளையெல்லாம் வெட்டிப் புதைக்கிற குடும்பத்துக்கு நடுப்பிள்ளையாக நடித்து நடித்து எனக்கும் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டாய். கண்ணாடிக் கடையில் என்னை இப்போது "கொலைகாரன் அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நேற்று ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிடப் போனேன். "ஏம்மா, கையில வேற ஒண்ணும் இல்லையே?" என்கிறார்.

உன் படத்தின் முதல் இரண்டு பாகமும் நான் பார்க்கவில்லை என்று உனக்கே தெரியும். கரப்பான்பூச்சிக்கே நாற்காலியில் ஏறுகிறவள் நான். இந்த முறை தப்ப முடியாது. முதலாளியம்மா கடைக்கு மொத்தமாக டிக்கெட் எடுத்துவிட்டார். அத்தானும் உன்னைப் பற்றிப் போகிற இடமெல்லாம் பெருமை பேசுகிறார்.

பதில் கடை விலாசத்துக்கே எழுது. வீட்டுக்கு வரும் தபால் என் கைக்கு வந்து சேருவதில்லை. போனில் பேசவும் வசதிப்படுவதில்லை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

கொலைகாரத் தம்பியின் வணக்கம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேக்கப் போடுகிறவரின் வேலையைக் கெடுக்கிற அளவுக்குச் சிரித்தேன்.

உனக்கு மட்டும் ஒரு ரகசியம். முதல் இரண்டு பாகத்திலும் கண்ணை உருட்டினேன், தொண்டை கிழியக் கத்தினேன். டைரக்டர் எல்லார் முன்னாலும், "உன்னைப் பார்த்தா பயமே வரலைய்யா, பாவமா இருக்கு" என்று மானத்தை வாங்கிவிட்டார். இந்த முறை கோடாரி போஸ்டருக்கு மட்டும்தான். நடுப்பிள்ளையை ரொம்ப சாதுவாக, பாசமாக மாற்றிவிட்டேன். அதற்கு நம் வீட்டிலிருந்தே ஒன்றைத் திருடியிருக்கிறேன். என்னவென்று சொல்ல மாட்டேன், நீயே கண்டுபிடி. கண்டுபிடித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய். பார்த்ததும் எழுது.

உன் செல்லத் தம்பி


மார்ச் 16

தம்பி,

பார்த்தேன். பாதியில் எழுந்து போய் வாந்தி எடுத்தேன்.

விருந்தாளியாக வந்த அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நீ கத்தவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறாய். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்கிறாய். கதவை மூடிவிட்டு வந்து அவள் தலையைத் தடவி, "அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்கிறாய். தியேட்டரே அலறியது. நான் அலறவில்லை. என் இரண்டு கையும் தானாக வந்து முகத்தை மறைத்துக்கொண்டன. "படந்தாம்மா, படந்தான்" என்று முதலாளியம்மா என் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தார். இறங்கவில்லை.

உனக்கு எப்படித் தெரியும்?

கல்யாணமான வருஷத்திலிருந்து நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. உன் அத்தான் ஒருநாளும் சத்தம் போட்டு அடித்ததில்லை. கடிகாரத்தைக் கழற்றுவார். தலையைத் தடவுவார். அந்த வார்த்தையை இரண்டு தடவை சொல்வார். அதற்கப்புறம்தான் அடி.

நீ எங்களோடு தங்கிப் படித்தாயே, அப்போது பார்த்தாயா? பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தாயா? இப்போது அதை வைத்துக் கைதட்டல் வாங்குகிறாயா? நான் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டுமா? உடனே பதில் எழுது.

அக்கா


மார்ச் 21

அக்கா,

தலையில் இடி விழுந்தது போல இருக்கிறது. சத்தியமாக எனக்கு எதுவும் தெரியாது. ஒருமுறை என் காலில் கண்ணாடிச் சில்லு ஏறியதே, நினைவிருக்கிறதா? அத்தான் கடிகாரத்தைக் கழற்றி வைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, என் தலையைத் தடவி, "அவ்வளவுதான்டா, அவ்வளவுதான்" என்று வலிக்காமல் எடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்த மனிதர்களிலேயே மென்மையானவர் அவர். அந்தப் பாசத்தைக் கொலைகாரனிடம் வைத்தால் பயமாக இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

கோபித்துக்கொள்ளாதே அக்கா. அத்தானா? ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் ஆயிற்றே! ஏதோ கோபத்தில் ஒரு தடவை கை நீட்டியிருக்கலாம். படம் பார்த்த அதிர்ச்சியில் அதுவும் இதுவும் உனக்குள் குழம்பிவிட்டதோ? வேண்டுமானால் நான் அவரிடம் பக்குவமாகப் பேசிப் பார்க்கட்டுமா?

தம்பி


மார்ச் 26

தம்பி,

அவரிடம் ஒரு வார்த்தையும் பேசிவிடாதே. நீ பக்குவமாகப் பேசினால் அன்றைக்கே கடிகாரம் அலமாரிக்குப் போய்விடும்.

அவர் அடி எனக்குப் பழகிவிட்டது. உன் கடிதத்தைத்தான் தாங்க முடியவில்லை. நீ பொய்யாக நடித்தால் ஊரே நம்புகிறது. நான் உண்மையைச் சொன்னால் கூடப்பிறந்தவன் நம்பவில்லை. படம் பார்த்துக் குழம்பிவிட்டேனாம்! படம் பார்த்துத்தான் எனக்குப் புத்தி தெளிந்தது. அது அலற வேண்டிய விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்காக யாராவது அலறியதும் அன்றைக்குத்தான்.

அவர் கடிகாரத்தில் கை வைத்தாலே என் மகள் டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள். இத்தனை நாள் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனாள் என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு எல்லாம் தெரியும்.

அவளைக் கூட்டிக்கொண்டு வெளியேறப் போகிறேன். எங்கே என்று உனக்குச் சொல்ல மாட்டேன். உன்னிடம் சொன்னால் அதுவும் பக்குவமாக அவர் காதுக்குப் போய்ச் சேரும்.

அக்கா


மார்ச் 31

அக்கா,

நேற்று முகத்தை மூடிக்கொண்டு தியேட்டரில் ஜனங்களோடு உட்கார்ந்து படம் பார்த்தேன்.

கதவை மூடுவதைப் பற்றி எழுதியிருந்தாய். கைப்பிடியைத் திருகிப் பிடித்துக்கொண்டு சத்தமே வராமல் மூடுகிறேன். மூடும்போது வெளியே யாரையோ பார்த்துச் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பைக் கதையில் யாரும் எழுதவில்லை, டைரக்டரும் சொல்லித்தரவில்லை. நானே சேர்த்தது என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். நேற்றுதான் யோசித்தேன். காலில் சில்லு எடுத்த அன்றைக்குக் கதவு திறந்துதானே கிடந்தது? அப்படியானால் நான் எங்கே பார்த்தேன்?

அக்கா, வெளியே நின்றவன் நான்தான். "நீ படிச்சுக்கிட்டு இரு" என்று சிரித்துக்கொண்டே மூடுவார். உள்ளே நீ இருந்தாய். நான் உட்கார்ந்து படித்தேன். அதெல்லாம் என் முகத்துக்கு நினைவிருந்திருக்கிறது, எனக்கு நினைவில்லை.

நம்புகிறேன். ஒரு எழுத்து விடாமல் நம்புகிறேன். ஷூட்டிங்கை விட்டுவிட்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் உன் கடைக்கு எதிரே நிற்பேன். குட்டியைக் கூட்டிக்கொண்டு வா. என் வீட்டுக்குப் போய்விடலாம்.

உன் தம்பி


ஏப்ரல் 6

தம்பி,

நீ வந்தாய். கடைக்குள் இருந்து பார்த்தேன். ஆட்கள் உன்னை அடையாளம் கண்டு சூழ்ந்துகொண்டு, "சார், அந்த டயலாக் சொல்லுங்க சார்" என்று போனை நீட்டினார்கள். நீ சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாய். உன் கண் கலங்கியதையும் பார்த்தேன்.

பை தயாராக இருந்தது. குட்டி செருப்பு மாட்டிக்கொண்டு, "மாமா வந்தாச்சு, வாம்மா" என்று குதித்தாள். கதவைத் திறந்தேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. குட்டியை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன். மூச்சு வாங்கி நின்றபோதுதான் என் தம்பியைப் பார்த்து ஓடி வந்திருக்கிறேன் என்பதே புரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நீ இருட்டும்வரை நின்றதாக முதலாளியம்மா சொன்னார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நம்பினாயே, அது போதும். நாங்கள் பத்திரமாக இருக்கிறோம். அவர்மேல் புகாரும் கொடுத்துவிட்டேன்.

வராதே. போட்டோவும் அனுப்பாதே. கடிதம் மட்டும் எழுது, நிறைய எழுது. உன் கையெழுத்து இன்னும் என் தம்பியுடையதாகத்தான் இருக்கிறது.

உன் அக்கா