எட்டாவது பெட்டி

கொல்கத்தா-29
7-10-2003

சிரஞ்சீவி பத்மஜாவுக்கு அம்மாவின் ஆசிகள். நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்கால் தவிர. அதன் கதை கீழே வருகிறது. அகமதாபாத்தில் வெயில் தணிந்ததா, மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

மாதக் கடைசிக்குள் கல்லூரி ஆசிரியரிடம் அறிக்கை தர வேண்டும், பாடத்துக்காக நான் வரைந்த மடக்குப் பெட்டிக்கடை நன்றாக இருந்தது என்று இரண்டு வரி எழுதியனுப்பு என்றாய். இரண்டு வரியில் முடியாது. ஹவுரா தச்சர் உன் படத்தில் இருந்தபடியே எட்டுப் பெட்டிகளையும் செய்து கொடுத்தார், அப்பா படகில் கொண்டுவந்தார், துர்கா பூஜைப் பந்தலுக்குப் பக்கத்தில் ஆணியே இல்லாமல் கொக்கிகளை மாட்டி இருபது நிமிஷத்தில் நிறுத்திவிட்டோம். மைசூர்பாகு, பாதுஷா எல்லாம் அடுக்கி முடித்த பிறகுதான் நான் வெளியே நிற்பது தெரிந்தது. நாலு பக்கமும் ஜனங்கள் வாங்கலாம் என்று நாலு பக்கமும் பெட்டி வைத்தாயே, விற்கிறவள் எந்த வழியாக உள்ளே போவாள்? இரண்டு பெட்டிக்கு நடுவில் இருந்த பலகைக்கு அடியில் புடவையோடு தவழ்ந்து போனேன், முழங்கால் சிராய்ந்தது அப்போதுதான். எழுந்து நின்றால் எதிரே ஒரு கூட்டம். ஒரு வங்காளிப் பெண், பௌதி என்று அண்ணி முறையில் கூப்பிட்டு, உங்களையும் பெட்டியோடு மடித்தா கொண்டுவந்தார்கள் என்று கேட்டாள். ஏன்டி காமு, பெத்த பொண்ணே உன்னை ஜெயில்ல போட்டுட்டாளே என்று எதிர்வீட்டு அலமு மாமி தெருவெல்லாம் கேட்கச் சிரித்தாள். நாலு பேர் பார்ப்பதே எனக்குக் கூச்சம், உனக்குத் தெரியும். மறுபடி தவழப் பயந்து இரண்டு நாள் மதியச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை.

அஷ்டமியன்று காலையில் நானே கொக்கியைத் தூக்கிப் பின்பக்கத்துப் பெட்டி ஒன்றைக் கழற்றினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அது உன் சாமர்த்தியம். வழி கிடைத்தது, கழற்றிய பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். தசமியன்று சரக்கு எதுவும் மிஞ்சவில்லை.

இதையும் அறிக்கையில் எழுது, மறைக்காதே. மார்க் குறைந்தால் குறையட்டும். தப்பு உன்னுடையது மட்டும் இல்லை. ஆகஸ்டில் நீ அனுப்பிய படத்தை ஒரு வாரம் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்குகிறவர்களைக் குழந்தை குட்டியோடு வரைந்திருந்தாய். நான் அதில் இல்லை என்பது எனக்கும் தோன்றவில்லை.

தீபாவளிக்கு நம் தமிழ்ச் சங்கத்து ஹாலில் கடை போட இடம் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்தாம் தேதிக்குள் புதுப் படம் அனுப்பு. முதலில் என்னை வரை, உட்கார்ந்திருக்கிற மாதிரி. அப்புறம் என்னைச் சுற்றிக் கடையை வரை.

எண்ணெய் தேய்த்துக் குளி. எல்லா நலமும் பெற்று நன்றாக இரு.

அன்புள்ள அம்மா
காமு